3.3 வோல்ட்டுக்கு யார் அனுமதி கொடுத்தது?

2013இல் பீகிள்போன் பிளாக் என்ற சிறிய போர்டு கணினி விற்பனைக்கு வந்தது. 2011இல் வந்த பீகிள்போனின் அடுத்த வடிவம் அது. பழையதில் இல்லாத எச்டிஎம்ஐ வெளியீடும், போர்டிலேயே பதித்த இஎம்எம்சி சேமிப்பகமும் புதியதில் இருந்தன. நினைவகம் டிடிஆர்2விலிருந்து டிடிஆர்3க்கு மாறியிருந்தது. மற்றபடி இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே எந்தப் பாகம் எங்கே இணைந்திருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பு பழைய போர்டுக்காக எழுதியதாக இருந்தாலும் புதிய போர்டில் லினக்ஸ் பூட் ஆகிவிடும். ஆனால் மைக்ரோ எஸ்டி அட்டையைச் செருகிவைத்து அப்படி ஒரு டஜன் முறை பூட் செய்தால் எச்டிஎம்ஐ சிப் போய்விடும். புதிய போர்டுக்கென்று தனிக் கோப்பைக் கர்னலில் சேர்த்த டெவலப்பர் இந்த எச்சரிக்கையைத் தன் கமிட் குறிப்பிலேயே எழுதி வைத்தார். 1.8 வோல்ட் வரவேண்டிய மின்வழியில் 3.3 வோல்ட் வந்துவிடும் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

மென்பொருள் ஒரு சிப்பை எரித்துவிடுமா என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. இதில் எந்த நிரலிலும் பிழை இல்லை என்பதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். எஸ்டி அட்டையின் டிரைவர் சரியாக வேலை செய்தது. மின்சாரம் கொடுக்கும் சிப்பின் டிரைவரும் சரியாகவே வேலை செய்தது. தவறு, அந்த மின்வழியில் எத்தனை வோல்ட் வரை போகலாம் என்று வரம்பு எழுதியிருந்த சில வரிகளில். அந்த வரிகள் எப்படி வேலை செய்கின்றன, அவற்றை எழுதும்போது எதை யோசிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் ரெகுலேட்டர். ஒரு போர்டுக்குள் வருவது பெரும்பாலும் ஒரே மின்சாரம், 5 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் பாகங்களுக்கோ ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவை. டிடிஆர்3 நினைவகத்துக்கு 1.5, எஸ்டி அட்டைக்கு 3.3, பிராசஸரின் மையத்துக்கு 1 வோல்ட்டைச் சுற்றி. 5 வோல்ட்டை இப்படிப் பலவாகக் குறைத்து, சுமை ஏறினாலும் இறங்கினாலும் அசையாமல் நிறுத்திவைப்பது ரெகுலேட்டரின் வேலை. இதில் இரண்டு வகை அதிகம் புழங்குகின்றன. பக் கன்வெர்ட்டர் வேகமாக ஆன்-ஆஃப் செய்து குறைக்கும், சேதாரம் குறைவு. எல்டிஓ மிச்ச வோல்ட்டை வெப்பமாக விட்டுவிடும், ஆனால் எளியது, இரைச்சல் குறைந்தது. பல ரெகுலேட்டர்களை ஒரே சிப்பில் அடைத்து, ஐஸ்கொயர்சி கம்பி வழியாகக் கட்டளை வாங்குகிற மாதிரி செய்தால் அதற்குப் பெயர் பிஎம்ஐசி. மேலே சொன்ன இரண்டு போர்டுகளிலும் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்65217. மூன்று பக், நான்கு எல்டிஓ.

கட்டளை வாங்கும் சிப் என்றால் கட்டளை கொடுப்பவர் யார்? லினக்ஸில் அதற்கென ரெகுலேட்டர் ஃப்ரேம்வொர்க் என்ற அடுக்கு இருக்கிறது. லியம் கர்ட்வுட், மார்க் பிரவுன் இருவரும் வுல்ஃப்சன் மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸில் இருந்தபோது உருவாக்கியது. 2008இல் வெளியான 2.6.27 கர்னலில் சேர்ந்தது. அதற்குமுன் மின்னழுத்தத்தை மாற்ற நினைத்தவர்கள் தங்கள் போர்டுக்கென்று தனித்தனியாக நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இந்த அடுக்கில் மூன்று தரப்புகள் பேசுகின்றன. ரெகுலேட்டர் டிரைவர் தன் சிப்பால் எதெல்லாம் முடியும் என்று சொல்கிறது. மின்சாரம் வாங்கும் பாகத்தின் டிரைவர் தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில், இந்தப் போர்டில், இந்த மின்வழியில் எதெல்லாம் பாதுகாப்பானது என்பதைச் சொல்லும் குரல் ஒன்று வேண்டும். கர்னல் வட்டாரத்தில் அதைக் கன்ஸ்ட்ரெய்ன்ட் என்பார்கள். நாம் வரம்பு என்றே சொல்லலாம். முதல் இரண்டு குரல்களும் சிப்பைப் பற்றியவை, எந்தப் போர்டில் வைத்தாலும் மாறாதவை. மூன்றாவது போர்டைப் பற்றியது. ஆகவே அது டிரைவர் நிரலுக்குள் இருக்கவே கூடாது. முன்பு ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சி கோப்பு இருந்தது, வரம்பும் அதில் இருந்தது. இப்போது ஆர்ம் போர்டுகளில் டிவைஸ் ட்ரீ கோப்பில் இருக்கிறது.

பிராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் டிசிடிசி2 என்ற பக்கை எடுத்துக்கொள்வோம். டிபிஎஸ்65217 சிப்பைப் பொறுத்தவரை அது 0.9 வோல்ட் முதல் 3.3 வோல்ட் வரை எதை வேண்டுமானாலும் கொடுக்கும். பீகிள்போனின் டிவைஸ் ட்ரீயில் அதே வழிக்கு எழுதியிருக்கும் வரம்பு 925000 முதல் 1351500 மைக்ரோவோல்ட் வரை. அந்த 1351500 எங்கிருந்து வந்தது? பிராசஸர் 1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட 1.325 வோல்ட் வேண்டும். இரண்டு சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். மேல்முனை 1.3515. கீழ்முனைக்கும் இப்படித்தான்: மிகக் குறைந்த வேகமான 300 மெகாஹெர்ட்ஸுக்கு 0.95 வோல்ட், இரண்டு சதவீதம் கழித்தால் 0.931, அதற்குக் கொஞ்சம் கீழே வரம்பு நிற்கிறது. அந்த எண்கள் வந்தது பிராசஸரின் தேவையிலிருந்து. ரெகுலேட்டர் சிப்பின் திறன் அதில் எங்கும் இல்லை.

வரம்பு எழுதத் தொடங்குபவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான். பிஎம்ஐசியின் டேட்டாஷீட்டைத் திறந்து, அதில் 0.9 முதல் 3.3 வரை என்று இருப்பதைப் பார்த்து, அப்படியே டிவைஸ் ட்ரீயில் எழுதிவிடுகிறார்கள். சிப்பால் என்ன முடியும் என்பது டிரைவருக்கு ஏற்கெனவே தெரியும், அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. டிவைஸ் ட்ரீ சொல்ல வேண்டியது, அந்தத் திறனில் எவ்வளவைப் பயன்படுத்த இந்தப் போர்டு அனுமதிக்கிறது என்பதை. அதற்குத் திறக்க வேண்டியது போர்டின் சர்க்யூட் வரைபடம். அந்த மின்வழி எங்கெல்லாம் போகிறது என்று கோட்டைப் பிடித்துக்கொண்டே போய், கடைசிப் பாகம் வரை பார்த்து, ஒவ்வொன்றின் தாங்குதிறனையும் குறித்துக்கொள்ள வேண்டும். சலிப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது.

எதுவும் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? கர்னல் அந்த ரெகுலேட்டரின் மின்னழுத்தத்தைத் தொடாது. பூட்லோடர் விட்டுப்போன நிலையில் வோல்ட் அப்படியே இருக்கும். ஏன் இவ்வளவு தயக்கம்? மின்வழியில் தவறினால் வன்பொருள் நிரந்தரமாகக் கெட்டுவிடும். ஒரு போர்டில் எந்தப் பாகத்துக்கு எந்த வழியில் மின்சாரம் போகிறது என்பதைக் கர்னல் தானாகக் கண்டுபிடிக்க வழியில்லை. மென்பொருளின் கண்ணுக்கே தெரியாத பாகங்களும் அந்த வழியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே பாதுகாப்பானது என்று யாராவது வெளிப்படையாகச் சொல்லும்வரை கை வைக்காதே என்பது இந்த ஃப்ரேம்வொர்க்கின் அடிப்படைக் கொள்கை. மிகச் சரியான கொள்கை என்பது என் கருத்து. கர்னலின் மற்ற பல இடங்களில் தவறு நேர்ந்தால் ரீபூட் செய்து தப்பிக்கலாம், இங்கே முடியாது.

அந்தக் கொள்கையோடு இணைந்த ஒரு நுட்பம் உண்டு. பழைய போர்டு கோப்புகளில் இரண்டை எழுத வேண்டியிருந்தது: குறைந்தபட்சம்-அதிகபட்சம் என்ற எண்கள் ஒன்று, எதையெல்லாம் மாற்றலாம் என்ற அனுமதிப் பட்டியல் இன்னொன்று. மின்னழுத்தத்தை மாற்றலாமா, ஆன்-ஆஃப் செய்யலாமா, மின்னோட்ட எல்லையை மாற்றலாமா என்று ஒவ்வொன்றுக்கும் தனி பிட். டிவைஸ் ட்ரீயில் மின்னழுத்தத்துக்கு அப்படித் தனி அனுமதி கிடையாது. கர்னல் எண்களைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறது. ரெகுலேட்டர்-மின்-மைக்ரோவோல்ட், ரெகுலேட்டர்-மேக்ஸ்-மைக்ரோவோல்ட் இரண்டும் ஒரே எண் என்றால், இது நிலையான வழி, யாரும் மாற்றக்கூடாது என்று பொருள். கர்னல் தொடக்கத்திலேயே அந்த அளவை அமைத்துவிட்டு, பிறகு கேட்பவர் யாருக்கும் அசைந்து கொடுக்காது. இரண்டும் வேறு வேறு என்றால், இடைப்பட்ட எதையும் கேட்கலாம் என்று எல்லா டிரைவருக்கும் அனுமதி கொடுத்ததாக எடுத்துக்கொள்கிறது. இப்படி ஓர் இடைவெளியை எழுதுவதை வெறும் விவரக்குறிப்பு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அது கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு.

இப்போது எச்டிஎம்ஐ சிப்புக்கு என்ன ஆயிற்று என்பது புரியும். பழைய பீகிள்போனில் எல்டிஓ3 என்ற வழி எஸ்டி அட்டைக்கு மின்சாரம் கொடுத்தது. அதன் வரம்பு 1800000 முதல் 3300000 வரை. அந்தப் போர்டுக்கு அது சரி. புதிய போர்டில் அதே எல்டிஓ3 1.8 வோல்ட்டில் எச்டிஎம்ஐ சிப்பின் பக்கம் போய்விட்டது, எஸ்டி அட்டைக்கு வேறொரு நிலையான 3.3 வோல்ட் வழி. பழைய கோப்பு கர்னலுக்குப் பழைய கதையைச் சொன்னது. அட்டை செருகியிருந்தது, அட்டையின் டிரைவர் 3.3 கேட்டது, வரம்புக்குள்தானே என்று கர்னலும் கொடுத்தது. மறுமுனையில் இருந்தது அட்டை அல்ல. புதிய கோப்பில் எல்டிஓ3க்கு மேலும் கீழும் 1800000 என்று எழுதி அந்தக் கதவை அடைத்தார்கள். அட்டையின் மின்வழியை நிலையான ரெகுலேட்டருக்குத் திருப்பினார்கள்.

ஒரே வழியில் பலர் தொங்கும்போது கர்னல் எப்படி முடிவெடுக்கிறது? மின்சாரம் வாங்கும் டிரைவர் ஒரே எண்ணைக் கேட்பதில்லை, இந்த அளவிலிருந்து இந்த அளவுக்குள் இருந்தால் போதும் என்று இரண்டு எண்களைக் கொடுக்கிறது. கேட்டவர்கள் எல்லோருடைய இடைவெளிகளையும், போர்டின் வரம்பையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதியைக் கர்னல் எடுக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டியில் குழம்பு வைக்கும்போது காரம் போடுவது போலத்தான். ஒருவர் 2.7 முதல் 3.6 வரை என்கிறார், இன்னொருவர் 3.0 முதல் 3.4 வரை, போர்டின் வரம்பு 1.8 முதல் 3.3 வரை. பொதுவானது 3.0 முதல் 3.3. அதில் சிப்பால் கொடுக்க முடிந்த மிகக் குறைந்த அளவு தேர்வாகும், மின்சாரம் மிச்சமாகும். பொதுவான பகுதியே இல்லை என்றால் கடைசியாகக் கேட்டவருக்குப் பிழை திரும்பிப் போகும், ஏற்கெனவே இருக்கும் அளவு மாறாது.

இந்த ஏற்பாடு வாய் திறந்து கேட்பவர்களைத்தான் காப்பாற்றும். பெரும்பாலான பாகங்கள் வாயே திறப்பதில்லை. ஒரு பாகத்தின் டிரைவர் தன் மின்வழியை ஆன் செய்யச் சொல்வதோடு நின்றுவிடலாம், எத்தனை வோல்ட் என்று கேட்காது. லெவல் ஷிஃப்டர் போன்ற பாகங்களுக்கு டிரைவரே இருக்காது. அவற்றின் சார்பில் பேச வரம்பை விட்டால் வேறு ஆளில்லை. மின்வழியில் இருக்கும் மிக மென்மையான பாகத்தைப் பார்த்து வரம்பை எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

டிரைவர் எழுதுபவர்கள் அடிக்கடி மோதும் சுவர் ஒன்று இருக்கிறது. மின்னழுத்தத்தை அமைக்கச் சொன்னால் அனுமதி இல்லை என்ற பிழை வரும். பெரும்பாலும் காரணம், போர்டு அந்த வழியை நிலையானது என்று அறிவித்திருப்பது. அப்படி அறிவித்த வழியிலும், டிரைவர் கேட்கும் இடைவெளிக்குள் இப்போதைய அளவு விழுந்தால் கர்னல் பிழை சொல்லாது, வெற்றி என்றே திருப்பி அனுப்பும். ஆகவே பிழை வருகிறது என்றால், டிரைவர் தேவைக்கு மேல் குறுகலாகக் கேட்கிறது, அல்லது போர்டில் உண்மையிலேயே வேறு அளவு ஓடுகிறது. முதலாவது என்றால் டிரைவரைத் திருத்த வேண்டும். பாகத்தின் டேட்டாஷீட் 2.7 முதல் 3.6 வரை தாங்கும் என்றால் அதையே கேட்கட்டும், 3300000 என்று ஒற்றைக்காலில் நிற்க வேண்டாம். இரண்டாவது என்றால் சர்க்யூட்டைப் பார்க்க வேண்டும். பிழைச் செய்தி மறைய வேண்டும் என்பதற்காக டிவைஸ் ட்ரீயில் வரம்பை அகலப்படுத்துவது மட்டும் கூடாது. எல்டிஓ3க்கு நடந்ததை நாமே கையால் செய்வதாக ஆகிவிடும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாம் மைக்ரோவோல்ட். 1.8 வோல்ட் என்றால் 1800000, ஐந்து சுழி. ஒரு சுழியை விட்டுவிட்டால் 0.18 வோல்ட். அதைக் கொடுக்க முடியாத சிப் என்றால் கர்னல் அந்த ரெகுலேட்டரைப் பதிவு செய்யவே மறுத்து லாகில் எழுதிவிடும். கீழ்எண் மேல்எண்ணைவிடப் பெரிதாக இருந்தாலும் அப்படித்தான். ஆக, அபத்தமான தவறுகளைக் கர்னல் பிடித்துவிடும். 1800000க்குப் பதில் 3300000 என்று எழுதினால் பிடிக்காது, அதுவும் நியாயமான எண்தானே.

அடுத்தது ஆன்-ஆஃப். இங்கே கர்னல் எண்ணிக்கை வைத்துக்கொள்கிறது. ஒரு டிரைவர் ஆன் கேட்டால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும், சுழியானால் வழி அணையும். இதில் குழப்பம் தரும் இரண்டு சொற்கள் ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன், ரெகுலேட்டர்-பூட்-ஆன். முதலாவது, எந்த நிலையிலும் இதை அணைக்காதே என்பது. நினைவகம், பிராசஸர் வழிகளுக்கு இது கட்டாயம். இரண்டாவது, கர்னல் எழும்போது இது ஆன் ஆகியிருக்க வேண்டும் என்பது மட்டுமே. பிறகு யாரும் பயன்படுத்தவில்லை என்றால் அணைக்கலாம். அணைக்கவும் செய்யும். பூட் முடிந்து சுமார் 30 விநாடி கழித்து, ஆன் ஆகி இருந்தும் யாரும் கேட்காத ரெகுலேட்டர்களைக் கர்னல் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகும். பூட்லோடர் ஏற்றிவைத்த திரை நன்றாக ஒளிர்ந்துகொண்டிருந்து அரை நிமிடத்தில் அணைந்தால், பேனலைச் சந்தேகிக்கும் முன் லாகைப் பாருங்கள். ரெகுலேட்டரின் பெயரும் அணைக்கிறேன் என்ற வரியும் இருந்தால், காரணம் அந்த மின்வழிக்குச் சொந்தக்காரர் யாரென்று டிவைஸ் ட்ரீயில் எழுதாமல் விட்டது. திரையின் பதிவில் அதன் சப்ளை எது என்று குறிப்பிட்டால் தீரும். பலர் ஆல்வேஸ்-ஆன் போட்டு வாயடைத்துவிடுகிறார்கள். வேலை நடக்கும், ஆனால் திரை அணைந்தபின்னும் பேட்டரி கரைந்துகொண்டிருக்கும்.

சப்ளை எழுதாமல் விட்டால் இன்னொன்றும் நடக்கும். கர்னல் ஒரு டம்மி ரெகுலேட்டரைக் கொடுத்து, அப்படிக் கொடுத்ததை லாகில் ஒரு வரியாகச் சொல்லும். எப்போதும் மின்சாரம் இருக்கும் பாகத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. மற்றவற்றுக்கு, டிரைவர் ஆன் செய்ததாக நம்பிக்கொண்டிருக்கும், உண்மையான வழி இருட்டில் கிடக்கும்.

பிராசஸரின் வேகத்தை ஓட்டத்திலேயே மாற்றும் போர்டுகளில் நேரமும் ஒரு வரம்பு. வேகத்தைக் கூட்டும்போது முதலில் வோல்ட் ஏற வேண்டும், பிறகுதான் வேகம். குறைக்கும்போது முதலில் வேகம் இறங்க வேண்டும், பிறகு வோல்ட். ஆனால் கட்டளை போன நொடியிலேயே வோல்ட் ஏறிவிடுவதில்லை. மைக்ரோவிநாடிக்கு 12500 மைக்ரோவோல்ட் ஏறும் பக் என்றால், 0.95இலிருந்து 1.325க்குப் போக 30 மைக்ரோவிநாடி வேண்டும். ரெகுலேட்டர்-ராம்ப்-டிலே என்ற வரியில் இந்த வீதத்தைச் சொன்னால் கர்னல் அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு வேகத்தைக் கூட்டும். சிப்பின் உண்மையான வேகத்தைவிட வேகமாக எழுதிவிட்டால், போதிய வோல்ட் இல்லாமல் பிராசஸர் உயர் வேகத்தில் ஓடத் தொடங்கி எப்போதாவது ஒருமுறை உறைந்துபோகும். கண்டுபிடிக்க மிகக் கடினமான பிழைகளில் இது ஒன்று, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நிரலில் விழும்.

சில சிப்களில் ஒரு வழியின் வரம்பு இன்னொரு வழியைப் பொறுத்தது. என்விடியாவின் டெக்ரா20இல் கோர், ஆர்டிசி என்ற இரண்டு வழிகளுக்கும் இடையே 170 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. சிபியு வழியோ அவை இரண்டையும்விடக் குறைந்தது 120 மில்லிவோல்ட் கீழே இருக்க வேண்டும். ஒன்றை ஏற்ற மற்றதையும் படிப்படியாக நகர்த்த வேண்டும். இதற்காக ரெகுலேட்டர்களை ஒன்றோடொன்று பிணைத்து, எவ்வளவு விலகலாம் என்று எழுத டிவைஸ் ட்ரீயில் வசதி இருக்கிறது. கணினி உறங்கும்போது எந்த வழி ஆன், எது ஆஃப், எத்தனை வோல்ட் என்று தனியாக எழுதவும் இடம் உண்டு.

எழுதி முடித்தபின் சரிபார்க்க இரண்டு இடங்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் ரெகுலேட்டர் பிரிவில் ஒவ்வொன்றின் பெயர், இப்போதைய மைக்ரோவோல்ட், வரம்பின் இரு முனைகள், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது தனித்தனிக் கோப்பாக இருக்கும். டிபக்எஃப்எஸ்ஸில் ரெகுலேட்டர்-சம்மரி என்ற ஒரே கோப்பில் மொத்த மரமும் கிடைக்கும். எந்த ரெகுலேட்டர் எதிலிருந்து மின்சாரம் வாங்குகிறது, அதன்கீழ் யார் யார், ஒவ்வொருவரும் கேட்ட இடைவெளி என்ன என்பதெல்லாம் அதில் தெரியும். நான் முதலில் பார்ப்பது இரண்டாவதைத்தான். அதையும் சர்க்யூட் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பெரும்பாலான தவறுகள் அங்கேயே பிடிபடும்.

அந்தக் கோப்புகளில் தெரியும் வோல்ட் எண் யாரும் அளந்து எழுதியதல்ல. பிஎம்ஐசி என்றால் சிப்பின் ரெஜிஸ்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அது. நிலையான ரெகுலேட்டர் என்றால் டிவைஸ் ட்ரீயில் நீங்கள் எழுதிய எண்ணையே கர்னல் உங்களுக்குத் திருப்பிப் படித்துக் காட்டுகிறது. ஆகவே புதிய போர்டில் முதல் பூட்டுக்கு முன், விலை கூடிய பாகங்களைச் செருகாமல், ஒவ்வொரு வழியின் டெஸ்ட் பேடிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பூட் ஆனபின் ஒருமுறை, எஸ்டி அட்டையைச் செருகியபின் இன்னொரு முறை.